வெள்ளைத் தாளில் அரக்கு விரல்

எங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டை வெள்ளிக்கிழமைதோறும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறார்கள். திருப்பதியில் யாத்திரிகர் கூட்டம் ஏற ஏற எங்கள் தெருவில் லாட்ஜுகளும் ஏறிவிட்டன. ஆகவே சுத்தம் முக்கியம் என்று அசோசியேஷனில் தீர்மானம் போட்டார்கள். போட்டவர்களுக்கு என்ன, மூக்கு என்னுடையதல்லவா. அந்த வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்துவிட்டால் அன்று முழுக்க யாருடனாவது சண்டை போடாமல் எனக்குச் சோறு இறங்காது. பெரும்பாலும் பால்காரர் மாட்டுவார். போன வாரம் என் தம்பி மகள் பவித்ரா மாட்டிக்கொண்டாள்.

அவள் குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். அன்று சோபாவில் காலை மடித்துப் போட்டுக்கொண்டு பார்லிமென்ட் தேர்தல் முடிவுகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முதல் தேர்தலிலிருந்து எந்தக் கட்சிக்கு எத்தனை சீட், யார் பிரதமர், எந்த ஆட்சி பாதியில் கவிழ்ந்தது என்று எல்லாம் மடமடவென்று வந்தது. அடுத்தது நம்ம சித்தூர் தொகுதி. ஜெயித்தவர், இரண்டாவது வந்தவர், இருவருக்கும் எவ்வளவு ஓட்டு. "நீ போனைப் பாத்துக்கோ அத்தை, தப்பு வந்தா சொல்லு" என்று என் கையில் கொடுத்தாள்.

"இதுல எல்லாம் கீதா?" என்று கேட்டேன்.

"ஃபுல் ஹிஸ்டரி அத்தை. இதுக்கு மேல ஒண்ணியும் இல்ல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எனக்கு வேண்டிய தேர்தல் வந்தது. இரண்டு பெயர், இரண்டு நம்பர். அதற்கடியில் மூன்றாவதாக ஒரு நம்பர் இருந்திருக்க வேண்டும். இல்லை. மேலே போய்ப் பார்த்தேன், கீழே போய்ப் பார்த்தேன், எந்தத் தேர்தலுக்கும் இல்லை. போனைச் சோபாவில் எறிந்தேன். "இன்னாத்துக்கு இப்ப கோவம்?" என்று பவித்ரா திருதிருவென்று விழித்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் என் சிநேகிதர், எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியம்.

ஆந்திராவில் இருந்தாலும் தமிழ் பேசுகிற நகரியில் எங்களுடையது சாயம் போடுகிறவர்கள் தெரு. தறி ஓட்டுகிறவர்களுக்கு நூலைச் சாயம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் தொட்டியில் அரக்கு, எதிர் வீட்டில் மயில்கழுத்து, முனையில் பச்சை என்று வீட்டுக்கு வீடு ஒரு நிறம் அமைந்துவிட்டது. கையைப் பார்த்தே எந்த வீட்டு ஆள் என்று சொல்லிவிடலாம். நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பாவின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை அரக்கு. இடது கட்டைவிரலில் மட்டும் குறுக்கே வெளுப்பாக ஒரு கோடு ஓடும். காஸ்டிக் சோடா பட்டு வெந்த தழும்பு, அதில் மட்டும் சாயம் ஏறாது. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார். வெள்ளைச் சோற்றைத் துன்னாக்கூட அரக்குச் சோறு துன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம்.

அவருக்குத் தேர்தல் பைத்தியம். கட்சிப் பைத்தியம் வேறு, இது வேறு. டீக்கடை ரேடியோவில் முடிவு சொல்கிற நாட்களில் தொட்டி காய்ந்தாலும் கவலைப்பட மாட்டார். முதல் தேர்தலிலிருந்து யார் ஜெயித்தார், யார் தோற்றார், யாருக்கு எவ்வளவு என்று ஒப்பிப்பார். பாதி தப்பு. ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு தேர்தலில் ஜெயிக்க வைத்து, டீக்கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். நம்பரில் சைபர் கூடும், குறையும். ஆனால் ஒவ்வொரு தேர்தலையும் ஒரே மாதிரிதான் முடிப்பார். ஜெயித்தவன் நம்பர், தோற்றவன் நம்பர் இரண்டையும் சொல்லிவிட்டு, "இந்த ரெண்டுல ஒண்ணுல நான் கீறேன்" என்பார்.

"எதுல நைனா?"

"அத்தச் சொல்லக் கூடாதும்மா. அது ரகசியம்."

எங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா சமையலில் உப்பைக் குறைத்து மிரட்டிப் பார்த்திருக்கிறாள், பலனில்லை. உப்பில்லாமலே துன்னுட்டு எழுந்து போவார்.

இந்த மனுஷனுக்குத்தான் வந்தது கேடு. ஒரு பார்லிமென்ட் தேர்தலில், ஆரம்பப் பள்ளிக்கூடத்து பூத்தில், விரலில் மை வைக்கிற அதிகாரி நைனாவின் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். மணிக்கட்டு வரை நிறம் ஏறிய கையில் மை எங்கே வைப்பது? வைத்தாலும் எங்கே தெரியும்? அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வேலு மீத சிரா உந்தி கதா? ஓட்டேசி மள்ளி வச்சாவா?" என்று தெலுங்கில் கத்தினார். விரலில் மை இருக்கிறது, ஓட்டுப் போட்டுவிட்டு மறுபடி வந்தாயா என்று, வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரிலும்.

"சிரா காது சார், ரங்கு. மேமு ரங்குலேசேவாள்ளம்" என்று நைனா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மை இல்லை, சாயம், நாங்கள் சாயம் போடுகிறவர்கள் என்று. அதிகாரி நம்பவில்லை. போலீஸ்காரரைக் கூப்பிட்டார். ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் தாள் கொடுத்தார். எங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் இதே கூத்து. எல்லாரும் ஓட்டுப் போட்டுவிட்டார்கள், அது சரி. ஆனால் திருடன் மாதிரி கையை விரித்துக் காட்டிவிட்டுப் போட்டார்கள்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்தபோதுதான் நைனா இதைப் பற்றிப் பேசினார். தெருக்காரர்களைத் தொட்டி அருகில் கூட்டி வைத்து, "இந்தத் தபா எவனும் நம்ம வெரலப் பாத்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது" என்றார். ஓட்டுக்கு முந்தின நாள் தெரு முழுக்கத் தொட்டிகளை மூடினார்கள். எல்லாரும் உட்கார்ந்து கை தேய்த்தார்கள். சோப்புப் போட்டு, சோடா போட்டு, தேங்காய் நார் போட்டு, கடைசியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அதில் கையை ஊற வைத்து. தெருவே ஆஸ்பத்திரி வாடை அடித்தது. இப்போது புரிகிறதா, எங்கள் படிக்கட்டில் எனக்கு ஏன் ரத்தம் கொதிக்கிறது என்று?

"ஓட்டுப் போடப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டுத்துக்கும் கை சுத்தமா இருக்கணும்டி" என்றார் நைனா. தோல் உரிந்து எரிந்த கையில் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். அரக்கு போய், கை வெளிறிய ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் தன் கையைப் பார்த்து நான் கண்டதில்லை.

சாயக்காரர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. நன்றாகப் பிடித்த சாயம் ஓடாது. பிளீச்சிங் போட்டுப் பாதி கழட்டிய சாயம்தான் ஈரம் பட்டால் ஓடும். நூலில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள்தான். தங்கள் கைக்கும் அதே கதிதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல வெயில், நீள வரிசை, கையெல்லாம் வியர்வை. அதற்குமேல் எண்ணெய். ஆள்காட்டி விரலில் மை அழகாக ஏறியது, அதிகாரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நைனா ராஜா மாதிரி திரும்பி வந்தார். அம்மாதான், "வேட்டியில இன்னா இது, செகப்பா?" என்று கேட்டாள். கையைத் துடைத்திருக்கிறார். "தொவைச்சா போயிடும்" என்றார்.

அப்போது நான் புத்தூரில் டீச்சர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எனக்கு ஓட்டு எண்ணுகிற டியூட்டி சித்தூரில் போட்டார்கள். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பொண்ணு எண்ணப் போறா" என்று டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிடும்போது, "பொறுமையா எண்ணும்மா. ஒண்ணு விடாத" என்றார். விடாமல் எண்ணத்தான் போனேன்.

அந்தக் காலத்து எண்ணிக்கையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பல பூத்துப் பெட்டிகளின் தாள்களை ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்குவார்கள். எந்தத் தெருக்காரர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதாம், அதற்குத்தான். பிறகு கட்டுக்கட்டாக மேஜைக்கு வரும். அந்தத் தடவை சட்டசபைக்கும் பார்லிமென்ட்டுக்கும் சேர்ந்தே தேர்தல். சட்டசபைக்கு ரோஸ் தாள், பார்லிமென்ட்டுக்கு வெள்ளைத் தாள். எனக்கு வெள்ளைத் தாள் மேஜை.

எங்கள் நகரிப் பக்கத்துக் கட்டுகள் வந்தன. ஒரு தாளைப் பிரித்தேன். ஓரத்தில் பச்சையாக ஒரு விரல். இன்னொன்றில் மயில்கழுத்து. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, நம்ம தெரு வந்துவிட்டது என்று. பக்கத்தில் இருந்த டீச்சர் அவற்றைத் தனியாக எடுத்து வைத்தார். சந்தேகம் உள்ள தாள்களை அதிகாரியிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. அடுக்கு ஏறிக்கொண்டே போனது. அதிகாரி வந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதி எவரிதோ தெலுஸ்துந்தி. செல்லது." இது யாருடைய ஓட்டு என்று தெரிந்துவிடுகிறது, செல்லாது என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் எங்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படுவதில்லை.

நான் எழுந்து நின்றேன். கைநாட்டு வைக்கிறவர்களின் மை தாளில் பட்டிருந்தால் தள்ளக் கூடாது என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், அதைச் சொன்னேன். அது மை அம்மா, நாங்கள் கொடுத்த மை, இது வேறு நிறம் என்றார். கேட்டீர்களா நியாயத்தை? சர்க்கார் மை பட்டால் செல்லும், சாயம் பட்டால் செல்லாது!

"சார், இது சாயம் சார். எங்க ஊரு நகரி. எங்க தெருவுல எல்லார் கையும் இப்பிடித்தான் சார்."

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். எந்தத் தெரு என்றுகூட இந்தம்மா சொல்லிவிட்டார், வேறென்ன அடையாளம் வேண்டும் என்றார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்புக்குப் பதிலாக விதவிதமாகத் திட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் போதவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் இருந்தார்கள். ஒரு ஓட்டுக்கு ஒரு மணி நேரம் கத்துகிற ஆட்கள். அன்று எட்டிப் பார்த்தார்கள், தங்களுக்குள் கணக்குப் போட்டார்கள், உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அடுக்கில் எல்லாக் கட்சி ஓட்டும் இருந்தது. தள்ளினால் யாருக்கும் தனியாக நஷ்டமில்லை. ஒரு ஏஜெண்ட் எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். "முன்னால போறவரு எங்கியோ போயிட்டாரும்மா. இத்த சேத்தாலும் அதேதான், சேக்காட்டியும் அதேதான்." எதற்கும் ஆகாத ஓட்டு என்றால் ஏனய்யா வாசல் வாசலாக வந்து கும்பிட்டீர்கள்?

அப்போதுதான் அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார். அரக்கு. முழுக் கட்டைவிரல். நடுவில் குறுக்கே வெள்ளைக் கோடு.

பெண்டாட்டியிடம் சொல்லாத ரகசியத்தை, பெற்ற பெண்ணிடம் சொல்லாத ரகசியத்தை, அவருடைய விரல் சொல்லிவிட்டது. முத்திரை எந்தச் சின்னத்தின் மேல் விழுந்திருந்தது என்று பார்த்துவிட்டேன். கண்ணை மூடத் தோன்றவில்லை. இந்த உலகத்தில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உங்களுக்கும் சொல்ல மாட்டேன், அவர் சொல்லாததை நான் சொல்வானேன். ஸ்டாம்ப் அதன் முதுகில் விழுந்தது. நான் ஏதோ கத்தியிருக்கிறேன். ஒரு அம்மா என்னை வெளியே அழைத்துப் போய் மோர் வாங்கிக் கொடுத்தார். அவர் ரோஸ் தாள் மேஜை. உங்கள் மேஜையில் இப்படி வந்ததா என்று கேட்டேன். ஒன்றிரண்டு பச்சை வந்தது, மற்றது எதுவும் கண்ணில் படவில்லையே என்றார். ரோஸில் அரக்கு அடங்கிவிட்டது. ஆக, மாநிலத்துக்கு எங்கள் நைனா ஒரு ஆள். தேசத்துக்கு இல்லை.

நகரிக்குத் திரும்பிய அன்று அவர் தொட்டியில் நூல் சிட்டம் முக்கிக்கொண்டிருந்தார். கை மறுபடி நல்ல அரக்கு. என்னைப் பார்த்ததும் கழியை வைத்துவிட்டு வந்தார்.

"இன்னாம்மா, ஒண்ணு விடாம எண்ணியா?"

மறைக்கலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். எனக்கு மறைக்கத் தெரியாது, கோபம் முந்திக்கொள்ளும். எல்லாவற்றையும் கொட்டினேன். எந்தச் சின்னம் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துதான் இருக்கும், கேட்கவில்லை. கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா தேச்சோம்" என்றார்.

கேஸ் போடலாம், பேப்பரில் எழுதலாம், கலெக்டரைப் பார்க்கலாம் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்.

"செல்லாத ஓட்டுன்னு கீழ ஒரு நம்பர் போடுவாங்களே, அதுல எண்ணிட்டாங்களா?"

"எண்ணினாங்க நைனா."

"அதுல நான் கீறேனா?"

"கீற."

"அப்ப சரி" என்று தொட்டிக்குப் போய்விட்டார். எது சரி? எனக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை. கதவை அறைந்து சாத்தி, உள்ளே போய் அழுதேன்.

அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் தேர்தல் வரலாற்றை ஒப்பித்தால் எல்லாத் தேர்தலுக்கும் பழையபடி இரண்டு நம்பர், இரண்டில் ஒன்றில் நான். அந்த ஒரு தேர்தல் வரும்போது மட்டும் மூன்றாவதாகச் செல்லாத ஓட்டு நம்பரையும் சொல்வார். மற்ற நம்பர்களில் சைபர் கூடும் குறையும், இதில் ஒரு இலக்கம் மாறியதில்லை. "இதுல நான் கீறேன்" என்பார். இதில் மட்டும் ரகசியம் இல்லை. யாராவது சிரித்தால் நானே எழுந்து போய்ச் சண்டை போட்டிருக்கிறேன், நடு ரோட்டில், டீச்சரம்மா என்ற மரியாதையெல்லாம் பார்க்காமல்.

பிறகு மிஷின் வந்தது. முதல் தடவை பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்தவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல ஒண்ணியும் ஒட்டாது இல்ல?" என்று கேட்டார். ஒட்டாது என்றேன். அந்த ஆட்சி முடியுமுன் அவர் போய்விட்டார்.

"பாவம் தாத்தா" என்றாள் பவித்ரா. அவள் பிறக்குமுன் போனவர். பிறகு போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆனா செல்லாத ஓட்டு எக்ஸாம்ல வராது அத்தை. அதான் போட்டுக்க மாட்டாங்க" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அவள் படிக்கிற வரலாற்றில் ஜெயித்தவன் இருக்கிறான், தோற்றவன் இருக்கிறான், கவிழ்ந்த ஆட்சிகூட இருக்கிறது.

வெள்ளைத் தாள் போய்விட்டது, ரோஸ் தாள் போய்விட்டது. டிரம் எந்தக் கிடங்கில் துருப்பிடிக்கிறதோ தெரியாது. எங்கள் தெருத் தொட்டிகளில் பாதிக்கு மேல் மண் போட்டு மூடியாகிவிட்டது. பையன்கள் நாயுடுபேட்டை, தடா பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கினு இருக்கிறார்கள், கையில் உறை போட்டுக்கொண்டு. அதற்கெல்லாம் நான் அழவில்லை. போகிற காலத்தில் போகட்டும். ஜெயித்தவன் நம்பரிலும் அவரைச் சேர்க்கவில்லை, தோற்றவன் நம்பரிலும் சேர்க்கவில்லை. அப்ப சரி என்று அந்த மனுஷன் ஒதுங்கி நின்ற இடம் அந்த ஒரு மூன்றாவது நம்பர்தான். அதையும் எடுத்துவிட்டு ஃபுல் ஹிஸ்டரி என்கிறார்களே, எவனைக் கேட்டு எடுத்தார்கள்?